ஒரே வீட்டில் இரண்டு பெட்டை நாய்கள்: சண்டையைச் சமாளிக்க முழுமையான வழிகாட்டி

எங்கள் வீடு மதுரை ஒத்தக்கடையிலிருந்து கொஞ்சம் உள்ளே, யானைமலை தெரிகிற பக்கம். வீட்டில் இரண்டும் பெட்டை. மூத்தவள் ராக்கு, நாட்டு நாய், 7 வயது. இளையவள் செவலை, சிப்பிப்பாறைக் கலப்பு, திருமங்கலம் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து குட்டியாகத் தூக்கி வந்தது. ஒன்றரை வருடம் இரண்டு பேரும் ஒரே சாக்கில் ஒருத்தி மேல் ஒருத்தி கால் போட்டுத் தூங்கியவர்கள். செவலைக்கு 2 வயது நெருங்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் கறிப்பையோடு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அந்த ஒரு நிமிடத்தில் ராக்குவின் காது கிழிந்தது. அதற்கப்புறம் நாலு மாதம் வீட்டில் நிம்மதியாக யாரும் ஒரு கதவைத் திறக்க முடியவில்லை. இப்போது இரண்டு பேரும் ஒரே கூரைக்குள் இருக்கிறார்கள், சண்டை இல்லை. அது தானாக வரவில்லை. வீட்டையும் எங்கள் பழக்கத்தையும் மாற்றித்தான் வந்தது. என்ன செய்தோம், எந்த வரிசையில் செய்தோம் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. "நாய்தானே, அதுகளே அடிச்சுக்கிட்டுத் தீத்துக்கும், விடு" என்று சொல்கிறவர்கள் பேச்சை இந்த விஷயத்தில் கேட்காதீர்கள். எங்களுக்கும் அப்படித்தான் சொன்னார்கள், நாங்களும் விட்டோம், இரண்டாவது சண்டை முதல் சண்டையைவிட மோசமாக இருந்தது. ஒரே வீட்டு நாய்களுக்குள் வருகிற கடுமையான சண்டைகளில் பெட்டையும் பெட்டையும் மோதுவதுதான் அதிகம். கடுவன்கள் பல நேரம் சத்தம் போட்டு, எச்சில் தெறிக்க மோதிவிட்டு விலகும். பெட்டைகள் பிடித்தால் விடாமல் பிடிக்கும், மறக்கவும் செய்யாது. இளையவள் ஒன்றரையிலிருந்து 3 வயதுக்குள் முழு நாயாக முதிரும்போதுதான் இது பெரும்பாலும் தொடங்கும். ஆரம்பிப்பது அநேகமாகச் சின்னவளாகவோ கடைசியில் வந்தவளாகவோ இருக்கும். அதனால் "இத்தனை நாள் நல்லாத்தானே இருந்துச்சுக" என்று குழம்ப வேண்டாம். குட்டி வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

படி 1: சண்டைக்கு முந்தைய பத்து நொடியைப் பாருங்கள்

எல்லோரும் "திடீர்னு பாஞ்சிருச்சு" என்பார்கள். திடீரென்று எதுவும் நடப்பதில்லை, நாம்தான் பார்ப்பதில்லை. எங்கள் வீட்டில் நான் பார்க்கக் கற்றுக்கொண்டது இது: செவலை நடையில் குறுக்கே படுத்திருப்பாள். சித்திரை வெயில், நாக்கு வெளியே தொங்க மூச்சிரைத்துக்கொண்டிருப்பாள். ராக்கு தண்ணீர்ச் சட்டிக்குப் போக அந்தப் பக்கம் வருவாள். செவலை தலையைக்கூடத் தூக்கமாட்டாள். ஆனால் வாய் டக்கென்று மூடிக்கொள்ளும். இரைப்பு நின்றுபோகும். கண் மட்டும் பக்கவாட்டில் திரும்பி வெள்ளை விழி பிறை மாதிரி தெரியும். ராக்கு அப்படியே நின்று, மூக்கை ஒரு தடவை நக்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "நான் வம்புக்கு வரலை" என்று அவள் சொல்கிற விதம் அது. அந்தக் கொதிக்கிற வெயிலில் இரைத்துக்கொண்டிருந்த நாய் வாயை மூடுகிறது என்றால் அதைவிடத் தெளிவான அறிகுறி எனக்குத் தெரியாது.

உடம்பு விறைப்பது, வாலைக் கம்பு மாதிரித் தூக்கி நுனியை மட்டும் ஆட்டுவது, மற்றவளின் கழுத்துக்கு மேல் தாடையை வைப்பது, வழியை மறித்து நிற்பது, இமைக்காமல் பார்ப்பது, இதெல்லாம் அந்தப் பத்து நொடிக்குள் வரும். இதைப் பார்த்ததும் கத்தாதீர்கள். சாதாரணக் குரலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஒருத்தியை வேறு அறைக்கு நடத்திவிடுங்கள்.

உறுமினால் அடிக்கவே கூடாது. உறுமல் என்பது "தள்ளிப் போ, இல்லாட்டி கடிப்பேன்" என்று நாய் நமக்கும் சேர்த்துக் கொடுக்கிற எச்சரிக்கை. அதை அடித்து நிறுத்தினால் எச்சரிக்கை போய்விடும், கடி மட்டும் மிஞ்சும். இன்னொன்று, ராஜபாளையம் நாய்களில் பிறவியிலேயே காது கேட்காதவை உண்டு. உங்கள் வீட்டில் இருப்பது வெள்ளை ராஜபாளையம் என்றால், தூங்கும்போது பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். உறுமல் காதில் விழாத நாய் ஒதுங்கிப் போகாது, எதிராளிக்கு அது திமிராகத் தெரியும்.

படி 2: டாக்டரிடம் இருவரையும் காட்டுங்கள்

பழக்குவதற்கு முன்னால் வலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காதுக்குள் சீழ், ஆடும் பல், இடுப்பு மூட்டு வலி, உண்ணிக் காய்ச்சல், இதில் எது இருந்தாலும் நாய் பக்கத்தில் வருகிறவளைச் சகிக்காது. நம் ஊரில் உண்ணி வருடம் முழுக்க இருக்கிறது, அதனால் ரத்தப் பரிசோதனை கேட்டே வாங்குங்கள். ராக்குவுக்குப் பின்கால் மூட்டில் தேய்மானம் இருந்தது. அவள் மெதுவாக எழுந்திருப்பதை நாங்கள் வயசு என்று நினைத்துக்கொண்டிருந்தோம். செவலை விளையாட்டாக இடித்ததெல்லாம் அவளுக்கு வலித்திருக்கிறது. மருந்து தொடங்கி மூன்று வாரத்தில் அவளுடைய உறுமல் பாதியாகக் குறைந்தது. வலிக்கு நாம் போட்டுக்கொள்கிற மாத்திரையை நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள், பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும் அதுகளுக்கு விஷமாகலாம்.

அடுத்தது ஹீட். பெட்டை நாய் சுமாராக ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பருவத்துக்கு வரும், அது இரண்டு மூன்று வாரம் நீடிக்கும். அதோடு முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அதற்கு அப்புறம் இரண்டு மாதம் வரை, சினையே பிடிக்காவிட்டாலும், உடம்பு சினை மாதிரியே நடந்துகொள்ளும். சிலதுக்குப் பால்கூட ஊறும், பழைய செருப்பைக் குட்டி மாதிரி மூலையில் வைத்துக் காவல் காக்கும். பொய்ச்சினை என்பார்கள். அந்த நேரத்தில் அந்த மூலைப் பக்கம் இன்னொரு பெட்டை போனால் சண்டை நிச்சயம்.

கருத்தடை ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடுமா? உங்கள் வீட்டுச் சண்டை ஹீட்டை ஒட்டியே வருகிறது என்றால் நல்ல பலன் இருக்கும். வருடம் முழுக்க சண்டை என்றால் ஆபரேஷன் மட்டும் போதாது. சில பெட்டைகள் அதற்குப் பிறகும் அதே கோபத்தோடு இருக்கும், சிலதில் கூடியும் இருக்கிறது. பொய்ச்சினை ஓடும்போது செய்யக்கூடாது, ஹீட் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துச் செய்வதுதான் வழக்கம். ஆனாலும் நான் செய்யச் சொல்வேன், வயதான பெட்டைக்குக் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கிற கொடுமையைத் தடுக்க அது ஒன்றே போதுமான காரணம்.

படி 3: ஒரு நோட்டுப் போடுங்கள்

பத்து ரூபாய் நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு உறுமலையும், முறைப்பையும் எழுதுங்கள்: எந்த இடம், எத்தனை மணி, பக்கத்தில் யார், கீழே என்ன கிடந்தது. இரண்டு வாரத்தில் எங்கள் நோட்டு சொன்னது எனக்கே ஆச்சரியம். 23 தடவை முறைப்பு. அதில் 19 மூன்று இடத்தில்: அடுப்படி வாசல், தெருக் கேட், என் கட்டிலோரம். வெளியே கண்மாய்க்கரையில் ஒன்றுகூட இல்லை. அன்றைக்குத்தான் புரிந்தது, இதுகளுக்குள் தீராத பகை எதுவும் கிடையாது, நெருக்கமான இடத்தில், பரபரப்பான நேரத்தில், பிரியமான ஒரு பொருளுக்கு முன்னால் இரண்டு பேரையும் நாங்கள்தான் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம்.

தெருக் கேட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். பால்காரர் ஹார்ன் அடிப்பார், இல்லையென்றால் தெருநாய் ஒன்று கேட்டுக்கு வெளியே காலைத் தூக்கும். இரண்டு பேரும் பாய்ந்துபோய்க் குரைப்பார்கள். வெளியே இருக்கிறதைக் கடிக்க முடியாது, கோபம் பக்கத்தில் நிற்கிறவள் மேல் திரும்பும். எங்கள் மூன்றாவது சண்டை இப்படி வந்ததுதான். கேட்டின் கீழ்ப்பாதிக்குத் தகரம் அடித்தோம், தெரு தெரியாமல் போனது, பாதிப் பாய்ச்சல் அன்றோடு நின்றது. 900 ரூபாய் வேலை.

படி 4: முழுசாகப் பிரித்து வையுங்கள்

ரத்தம் வந்த சண்டை என்றால் உடனே சமாதானம் செய்துவைக்க முயற்சி செய்யாதீர்கள். முகத்துக்கு முகம் காட்டி "ஃபிரெண்ட் ஆகு" என்று பிடித்துக்கொண்டு நிற்பது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது. பதற்றம் இறங்கவே சில நாள் ஆகும். குறைந்தது இரண்டு மூன்று வாரம் ஒருத்தி கண்ணில் ஒருத்தி படாமல் இருக்கட்டும்.

வீடு சின்னதா? முடியும். எங்களுடையது இரண்டு அறையும் ஒரு நடையும்தான். நடைக்கும் உள்ளறைக்கும் நடுவில் இடுப்புயர கிரில் கதவு, அதில் பழைய சேலையை இறுக்கிக் கட்டினோம். ஒருத்தி உள்ளே இருக்கும்போது ஒருத்தி வெளியே, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை இடம் மாறும். இடம் மாற்றும்போது ஒருத்தி கழுத்தில் கயிறு இல்லாமல் எந்தக் கதவும் திறக்கக்கூடாது. வீட்டில் எல்லோருக்கும் இது மனப்பாடமாக வேண்டும். எங்கள் அம்மாவுக்காகக் கிரில்லில் ஒரு சிவப்புத் துணி கட்டினோம், துணி கிடந்தால் உள்ளே செவலை, துணி இல்லாவிட்டால் ராக்கு. அதற்கப்புறம் ஒரு தடவைகூடத் தவறவில்லை. அடைத்து வைக்கிறவளை மொட்டை மாடியில் வெயிலில் கட்டிவிட்டு "பிரிச்சு வச்சிருக்கேன்" என்று சொல்லாதீர்கள், நம் ஊர்ச் சித்திரையில் அது கொலை.

படி 5: சாப்பாடு, எலும்பு, படுக்கை, அப்புறம் நம் மடி

சாப்பாடு தனித்தனி அறையில், கதவைச் சாத்தி. சாப்பிட்டு முடித்ததும் தட்டை நாமே எடுத்துவிட வேண்டும். காலித் தட்டுக்கும் சண்டை வரும், நம்புங்கள். ஞாயிற்றுக்கிழமை எலும்பு எங்கள் வீட்டில் முழுக்க நின்றுவிட்டது. வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும், அதற்காகவே நிறுத்த வேண்டியதுதான். தண்ணீர்ச் சட்டி ஒன்றுக்குப் பதில் மூன்று, மூன்று மூலையில். படுக்கையும் அப்படியே, குறுகலான நடையில் எதுவும் வேண்டாம்.

இதிலெல்லாம் பெரிய பொருள் நாம்தான். யார் மடியில் யார் தலை வைப்பது என்பதில்தான் வீட்டுப் பெட்டைகள் அதிகம் மோதுகின்றன. நீங்கள் ஸ்கூட்டியை நிறுத்தும் சத்தத்துக்கே வாசலில் இரண்டும் முண்டும். அந்த நேரம் கொஞ்சாதீர்கள். பையை வைத்து, கை கால் கழுவி, தண்ணீர் குடித்து, வீடு அடங்கினதும் ஒவ்வொருத்தியையும் தனியாகக் கூப்பிடுங்கள். தினமும் இருவருக்கும் தலைக்கு 20 நிமிடம், மற்றவள் பார்க்காத இடத்தில், உங்கள் முழுக் கவனத்தோடு. வீட்டில் நாலு பேர் இருந்தால் நாலு பேரும் இருவரையும் பார்க்க வேண்டும். "ராக்கு அப்பா பிள்ளை, செவலை என் பிள்ளை" என்று பங்கு பிரித்தால் நாய்களும் அப்படியே பங்கு பிரித்துக்கொள்ளும்.

யாருக்கு முதலில் கொடுப்பது? "தலைவி யாருன்னு பாத்து அவளுக்கு முதல்ல குடு" என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தலைவி யார் என்று நாம் தப்பாகக் கணித்துவிட்டால், முரட்டுத்தனத்துக்குப் பரிசு கொடுத்தது போலாகும். வரிசை எதுவானாலும் அது தினமும் மாறாமல் இருந்தால் போதும். எங்கள் வீட்டில் ராக்குவுக்கு முதலில், மூத்தவள் என்பதால் இல்லை, அவளுக்கு அமைதியாக உட்காரத் தெரியும் என்பதால். தன் முறை கட்டாயம் வரும் என்று தெரிந்த பிறகு செவலையும் பொறுக்கக் கற்றுக்கொண்டாள்.

படி 6: ஒவ்வொருத்திக்கும் ஒரு பாய்

பிரித்து வைத்திருக்கும் இந்த வாரங்களை வீணாக்காதீர்கள். தனித்தனியாக இரண்டு விஷயம் பழக்குங்கள். ஒன்று, பாய். கோரைப் பாய்த் துண்டோ, சாக்கோ, எதுவானாலும் சரி. நாய் அதன் மேல் கால் வைத்ததும் ஒரு துண்டு அவித்த கோழி. உட்கார்ந்தால் இன்னொன்று. படுத்தால் இன்னும் இரண்டு. "பாய்க்குப் போ" என்ற சொல்லை, அது தானாகவே போக ஆரம்பித்த பிறகு சேருங்கள். ஒரு நாளைக்கு 5 நிமிடம் இரண்டு தடவை. பத்து நாளில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது, வாய்க்கூடை. கடையில் மசில் என்று கேட்டால் கொடுப்பார்கள். துணியில் தைத்து வாயை இறுக்குகிறது வேண்டவே வேண்டாம், வாய் திறந்து இரைக்க முடியாமல் நம் ஊர் வெயிலில் மயங்கி விழும். கூடை மாதிரி பின்னியது, உள்ளே வாயைத் திறந்து தண்ணீர் குடிக்க இடம் இருக்க வேண்டும். முதல் நாளே மாட்டாதீர்கள். கூடைக்குள் தயிர்சாதம் தடவி, மூக்கை அதுவே உள்ளே விடட்டும். வாரை மாட்டுவதெல்லாம் ஒரு வாரம் கழித்து.

படி 7: மறுபடி சேர்ப்பது

வெளியில் தொடங்குங்கள், வீட்டுக்குள் தொடங்காதீர்கள். காலை 5:30 மணிக்கு, தெரு நாய்கள் அதிகம் இல்லாத கண்மாய்க்கரையோ வயல் பாதையோ. இரண்டு ஆள், இரண்டு கயிறு. பாதைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, 25 அடி தள்ளி அந்தப் பக்கம் ஒருத்தி, இருவரும் ஒரே திசையில் நடக்க வேண்டும். நேருக்கு நேர் வரவிடாதீர்கள். ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்துவிட்டுத் தானாக உங்களைத் திரும்பிப் பார்க்கிறாள் என்றால், உடனே கோழித் துண்டு. கயிறு தளர்ந்தே இருக்கட்டும், நீங்கள் இறுக்கினால் உங்கள் பயம் அதில் இறங்கும்.

நாலைந்து நாள் அமைதியாகப் போனால் 20 அடி. அப்புறம் 15. எங்களுக்கு 25 அடியிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் நடக்க 5 வாரம் ஆனது. ஒரு நாள் செவலை வாயை மூடிவிட்டாள், மறுநாள் மறுபடி 20 அடிக்கே போனோம். பின்னால் போவது தோல்வி இல்லை. வெயில் ஏறிய பிறகு தார் ரோட்டில் கூட்டிப் போகாதீர்கள், புறங்கையை ரோட்டில் 5 நொடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது.

அடுத்து வீடு. முதலில் கிரில்லுக்கு அந்தப் பக்கம் ஒரு பாய், இந்தப் பக்கம் ஒரு பாய், சேலை கட்டியபடியே. பிறகு சேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே சுருட்டுங்கள். இரண்டு பேரும் படுத்து, இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து, கண் சொக்குகிற வரைக்கும். அதற்குப் பிறகுதான் கிரில் திறப்பது, இருவருக்கும் வாய்க்கூடை, கழுத்தில் தரையில் இழுபடும் கயிறு, முதல் நாள் 3 நிமிடம். நன்றாகப் போகும்போதே நிறுத்திவிடுங்கள். "இன்னும் கொஞ்ச நேரம் பாப்போம்" என்ற ஆசைதான் எங்கள் இரண்டு வார உழைப்பை ஒருமுறை கெடுத்தது.

சண்டை வந்தேவிட்டால்

கையை நடுவில் விடாதீர்கள். கழுத்துப் பட்டையையும் பிடிக்காதீர்கள், உங்கள் பிள்ளை மாதிரி வளர்த்த நாயாக இருந்தாலும் அந்த நேரம் அது யார் கை என்று பார்க்காது. ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் வீசுங்கள். எவர்சில்வர் தட்டைத் தரையில் ஓங்கிப் போடுங்கள். போர்வையை மேலே எறியுங்கள். பிளைவுட் பலகையோ பிளாஸ்டிக் நாற்காலியோ நடுவில் செருகுங்கள். எதுவும் வேலை செய்யவில்லை, ஆள் இரண்டு பேர் இருக்கிறீர்கள் என்றால், ஆளுக்கு ஒருத்தியின் பின்னங்கால்களைத் தொடைப் பக்கம் பிடித்து, வாய்ப் பிடி விட்டதும் பின்னால் வளைந்து நடந்து தனித்தனி அறைக்குள் விடுங்கள். பல்லில் பிடி இருக்கும்போது இழுத்தால் சதை கிழிந்துவிடும். குச்சியால் அடிப்பது வேண்டாம், அடி வாங்கியவள் அந்த வலியும் எதிராளி கொடுத்தது என்றுதான் எடுத்துக்கொள்வாள்.

பிரித்ததும் உடம்பு முழுக்க முடியை விலக்கிப் பாருங்கள். பல் இறங்கிய ஓட்டை வெளியே மிளகு அளவுதான் தெரியும், உள்ளே ஆழமாக இருக்கும். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் உப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். மஞ்சளைக் குழைத்து அப்பி ஓட்டையை மூடினால் உள்ளே சீழ் கட்டும். நம் பக்கம் இன்னொரு தொல்லை ஈ. காதிலும் கழுத்திலும் காயத்தை இரண்டு நாள் கவனிக்காவிட்டால் புழு வைத்துவிடும்.

உங்களைக் கடித்திருந்தால், வீட்டு நாய்தானே, ஊசி போட்டதுதானே என்று விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரி. பெரியாஸ்பத்திரி உட்பட அரசு மருத்துவமனைகளில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி இலவசம். 0, 3, 7, 28 என்று எழுதிக் கொடுக்கிற நாள்களில் ஒன்றையும் விடக்கூடாது.

விசேஷ நாள்கள்

தீபாவளி வெடி, ஆடி மாதம் அம்மன் கோவில் ரேடியோ குழாய், சித்திரைத் திருவிழாவுக்குச் சொந்தக்காரர்கள் கூட்டமாக வந்து தங்குவது, இந்த நாள்களில் எவ்வளவு பழகிய ஜோடியையும் முன்கூட்டியே பிரித்துவிடுங்கள். சத்தமும் கூட்டமும் சேர்ந்தால் பொறுமை எல்லோருக்கும்தான் குறையும். வந்த குழந்தைகள் கையில் முறுக்கோடு நடுவில் நடக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எப்போது போதும் என்று சொல்வது

மூன்று நாலு மாதம் இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் கண்டவுடன் பாய்கிறார்கள், ஒவ்வொரு சண்டையிலும் தையல் போடுகிற அளவு காயம், ஒருத்தி மூலையை விட்டு வெளியே வரவே பயப்படுகிறாள், அல்லது வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்றால், நிலைமை வேறு. டாக்டரிடம் மருந்து பற்றிக் கேளுங்கள். பதற்றத்தைத் தணிக்கிற ஃபுளூக்சிடின் மாதிரி மாத்திரைகள் நாய்களுக்கும் கொடுக்கிறார்கள், பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும், நாமாக வாங்கிப் போடக்கூடாது. அதற்கும் அடங்கவில்லையென்றால் ஆயுசுக்கும் கிரில்லுக்கு இரண்டு பக்கமாக வைத்து வளர்க்கலாம், அப்படி எட்டு வருடம் வளர்த்த வீடு எனக்குத் தெரியும். அதுவும் முடியாது என்றால் நல்ல இடம் பாருங்கள். சொந்தக்காரர் வீடு, வேறு பெட்டை இல்லாத தோட்டம், நீங்கள் மாதம் ஒரு தடவை போய்ப் பார்க்க முடிகிற தூரம். கொடுக்கும்போது இவள் இன்னொரு பெட்டையோடு சேரமாட்டாள் என்று மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள். ரோட்டில் கொண்டுபோய் விடுவது மட்டும் கூடாது. வீட்டுச் சோறு தின்று வளர்ந்தவள் தெருநாய்க் கூட்டத்துக்கு நடுவில் ஒரு ராத்திரி தாங்கமாட்டாள்.

எங்கள் வீட்டில் தகரமும் கிரில்லும் இன்னும் இருக்கின்றன. சாப்பாடு இன்றைக்கும் தனி அறை, நான் வீட்டில் இல்லாத நேரம் இருவரும் தனித்தனி. மற்றபடி மதியம் நடையில் ஆளுக்கொரு பாயில் கிடப்பார்கள், நடுவில் நாலு அடி இடைவெளி. ராக்கு தண்ணீர் குடிக்க எழுந்தால் செவலை இரைத்துக்கொண்டே இருக்கிறாளா என்று நான் இப்போதும் ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறேன்.